உயரம் பார்க்க நின்னவர்

சார், ஒரு நிமிஷம். தப்பா நினைக்காதீங்க, உங்க போனை எட்டிப் பார்க்கணும்னு பார்க்கல. பஸ்ஸுல பக்கத்துல உட்கார்ந்தா கண்ணு தானா போகுது. இப்ப யாருக்கோ ஒரு ஸ்டிக்கர் அனுப்புனீங்களே, பெருச்சாளி ஒண்ணு படிக்கட்டுல உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுமே, அது. வீட்டுக்காரம்மாவுக்கா? சிரிக்கிறீங்க, அப்ப வீட்டுக்காரம்மாவுக்குத்தான். சரி, அந்தப் பெருச்சாளி யாருன்னு தெரியுமா உங்களுக்கு?

யாருமில்ல, கார்ட்டூன்ங்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அதை அழ வச்சதே நான்தான் சார். சத்தியமா. என் பேரு கஜேந்திரன், கஜான்னா கோடம்பாக்கத்துல தெரியும். கோ-டைரக்டர். இருபத்தாறு வருஷமா கோ-டைரக்டர். டைரக்டர் ஆகலையான்னு கேட்டுடாதீங்க, கேட்டா எனக்குக் கோவம் வரும்.

நீங்க எது வரைக்கும்? திருவண்ணாமலையா? நான் போளூர்ல இறங்கிடுவேன். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்துங்க, தூசி எனக்கு ஆகாது.

அது 'மங்களாவின் பெருச்சாளி'ன்னு ஒரு படத்துல வர்றது. கேள்விப்பட்டதில்லையா? எப்படிக் கேள்விப்படுவீங்க, நாலு நாள்தான் ஓடுச்சு. ஆனா கதை நல்ல கதை சார். மங்களான்னு ஒரு பொம்பளை, முப்பத்தெட்டு வயசு, ஆபீஸ் போறவ. புருஷன் செத்துப் போயிடறான். ஆனா அவனோட சந்தேகம் சாகல. அது பீரோவுக்குள்ளருந்து பெருச்சாளியா வெளியில வருது. அவ எங்க போனாலும் பின்னாடியே போகுது. புடவையை மோந்து பார்க்குது, போனை நோண்டுது, எவனாவது அவகிட்ட சிரிச்சுப் பேசினா பல்லைக் கடிக்குது, ராத்திரியானா கட்டில்ல நடுவுல வந்து படுத்துக்குது. அவ நிஜ மனுஷி. பெருச்சாளி வரைஞ்சது. ரெண்டும் ஒரே ஃபிரேம்ல. வெளிநாட்டுல இந்த மாதிரி நிறைய எடுக்கறாங்க, பெரியவங்களுக்குன்னே எடுக்கறாங்க. நம்ம டைரக்டர் மகிழ்நன் அதையெல்லாம் பார்த்துட்டு வந்து, தமிழ்ல நான்தான் முதல்ல பண்ணுவேன்னு ஒத்தைக் கால்ல நின்னாரு.

இதுல என்ன கஷ்டம்னா, ஷூட்டிங்ல பெருச்சாளி இருக்காது இல்லையா? ஹீரோயின் வெறும் காத்தைப் பார்த்து நடிக்கணும். முதல் நாள் ஒரு குச்சியில பந்தைக் கட்டி நீட்டினோம். அந்தம்மா, "பந்தைப் பார்த்து எப்படிங்க ஆத்திரப்படறது?"ன்னு கேரவனுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. அப்பதான் பிஜோய் சொன்னான். பிஜோய்தான் வரையற டீமுக்குத் தலைவன், கேரளாக்காரன். "ஒரு ஆளை நிக்க வைங்க. நீல டிரெஸ் போட்டு, உடம்பு பூரா வெள்ளைப் புள்ளி ஒட்டி, மூஞ்சியிலயும் ஒட்டி நடிக்க விடுங்க. அவர் எப்படி அசையறாரோ அதை கம்ப்யூட்டர்ல ஏத்திக்குவோம். அப்புறம் ஆளை அழிச்சுட்டு அந்த இடத்துல பெருச்சாளியை வரைஞ்சுடுவோம்"னான். நல்ல ஐடியா. ஆனா எந்த நடிகன் வருவான்? அழிக்கறதுக்குன்னே நடிக்க எவன் வருவான், சொல்லுங்க?

அதான் என் வேலை. எவனும் வராத இடத்துக்கு ஆள் கொண்டு வர்றது.

தணிகாசலம்னு ஒருத்தர். துணை நடிகர். அப்ப நாற்பத்தெட்டு வயசு, குள்ளம், அஞ்சடிகூட இருக்க மாட்டாரு. இருபத்திரண்டு வருஷமா கூட்டத்துல நிக்கறவரு. கல்யாண சீன்ல பந்தியில சாப்பிடுவாரு, கோர்ட் சீன்ல பின்னாடி பெஞ்சுல உட்காருவாரு, கலவரம்னா ஓடுவாரு. பொண்டாட்டி இல்ல, மக பத்து வயசா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒரே மக, மோனிஷா. அப்ப நர்ஸிங் படிச்சுட்டிருந்தா. டிவியில இவரு நின்ன படம் ஏதாவது போட்டா, மகளைக் கூப்பிட்டு உட்கார வச்சு "இப்ப வருவேன் பாரு, இப்ப வருவேன் பாரு"ம்பாராம். கடைசியில பார்த்தா ஒரு முழங்கை தெரியும். இல்லன்னா முதுகு. சின்னப் புள்ளையா இருந்தப்ப கை தட்டினாளாம். வளர்ந்ததும், "போப்பா, சும்மா பொய் சொல்லாத. நீ எங்கயும் இல்ல"ன்னுட்டாளாம். இதை அவரே என்கிட்ட சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. ஆனா அந்த மனுஷனுக்கு உலகத்துலயே ஒரே ஒரு ஆசை. மக ஒரு நாள் தியேட்டர்ல உட்கார்ந்து, "அதோ எங்கப்பா"ன்னு சொல்லணும். அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல.

இது எனக்கு நல்லாத் தெரியும் சார். தெரிஞ்சுதான் அவரைக் கூப்பிட்டேன்.

"ஹீரோயின் கூடவே வர்ற கேரக்டர், படம் பூரா. நடிக்கிறீங்களா?"ன்னேன். நின்னுட்டிருந்தவரு அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு. அப்புறம் கேட்டாரு, "மூஞ்சி தெரியுமா சார்?" நான் சொன்னேன், "யோவ், படம் பூரா நீர்தான்யா."

இதுல என்ன பொய் இருக்கு? சொல்லுங்க. படம் பூரா அவர்தானே? அசைவு அவரு, நடை அவரு, முழி அவரு.

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? சினிமா சார். எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா ஒரு ஷாட் எடுக்க முடியாது.

நீல டிரெஸ்ஸை மாட்டிவிட்டோம். உடம்போட ஒட்டிக்கிட்டிருக்கும், பின்னாடி ஜிப்பு, கழுத்து வரைக்கும். "இது என்ன சார் இப்படி இருக்கு?"ன்னாரு. "கம்ப்யூட்டர்ல வேற டிரெஸ் போட்டுக்குவாங்க"ன்னேன். "இந்தப் புள்ளியெல்லாம் படத்துல தெரியுமா?"ன்னாரு. "ஒரு புள்ளிகூடத் தெரியாதுய்யா, கவலைப்படாத"ன்னேன். அதுவும் நிஜம்தான். தெரியலையே!

அப்புறம் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, "மேக்கப் போட மாட்டாங்களா சார்?"ன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அழிக்கப் போற மூஞ்சிக்கு மேக்கப்! ஆனா பாருங்க, நான் இளகின மனசுக்காரன். மேக்கப்மேனைக் கூப்பிட்டு, "போட்டுவிடுய்யா, ஆசைப்படறாரு"ன்னேன். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுட்டு, ஹீரோவுக்குப் போடற மாதிரி முக்கால் மணி நேரம் போட்டுவிட்டான். புருவம் தீட்டினான், நரையை மறைச்சான். "என்னண்ணே, கொஞ்சம் கலர் கூட்டட்டுமா?"ன்னு கேட்டான். தணிகாசலம் கண்ணாடியைப் பார்த்துட்டு, "போதும்ப்பா, ஓவரா தெரியப் போகுது"ன்னாரு. யூனிட்டே வெளியில போய் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. அதுக்கப்புறம் ஷூட்டிங் முடியற வரைக்கும் மேக்கப். மேக்கப் மேல புள்ளி. அறுபது பேர் யூனிட்ல, ஒருத்தன் வாயைத் திறக்கல. எங்க யூனிட்டு ஒத்துமைக்குப் பேர் போனது.

பெருச்சாளி மூணடி உயரம். அதனால அவரு முட்டி போட்டுத்தான் நடக்கணும். நாற்பத்தி மூணு நாளும் முட்டிதான். ஜிப்பைக் கழட்டி மாட்ட அரை மணி ஆகும்னு பாத்ரூம் போகாம இருக்கத் தண்ணியே குடிக்க மாட்டாரு. கதையில மங்களா பெருச்சாளியை உதைக்கணும். ஹீரோயினுக்கு மனசு வரல, தொட்டும் தொடாம உதைச்சுது. டைரக்டர் ஒத்துக்கல. தணிகாசலமே சொன்னாரு, "மேடம், நல்லா உதைங்க, அப்பதான் எனக்கு ரியாக்‌ஷன் கரெக்டா வரும்." ஒன்பது டேக். விலாவுல கருநீலமா கன்னிப் போச்சு. பட், நடிச்சாரு சார். அதை நான் மறுக்கவே மாட்டேன். பிஜோய் அவரோட நடிப்பைப் பார்த்துட்டுத் தலையில கை வச்சுக்கிட்டான். "கஜா சார், இந்தாளுக்குத் தெரியுமா?"ன்னு ஒரு நாள் என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டான். நான் சொன்னேன், "தெரிஞ்சா இந்த அளவுக்குக் கொடுப்பாராடா? உனக்கு நல்ல பெருச்சாளி வேணுமா, வேணாமா?" அவன் திரும்பிப் போய் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டான். வேணும்னு அர்த்தம்.

இருங்க, டீக்கு நிறுத்தறான். இந்தக் கடையில வேணாம், சுடுதண்ணியில பால் காட்டித் தருவான். உட்காருங்க, நான் சொல்றேன்.

இப்ப உங்க ஸ்டிக்கருக்கு வர்றேன். படத்தோட உயிரே அந்த சீன்தான். கடைசியில மங்களா பெருச்சாளியைக் கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளிக் கதவைச் சாத்திடறா. அது படிக்கட்டுல உட்கார்ந்து அழணும். தணிகாசலத்துக்கு அழுகை வரல. எல்லாம் வருது, இது வரல. கிளிசரின் போட்டா தண்ணி வருது, மூஞ்சி கல்லு. பிஜோய்க்குத் தண்ணி வேண்டாம், தண்ணியை அவன் வரைஞ்சுக்குவான். அழும்போது மூஞ்சி எப்படி ஒடையுது, தாடை எப்படி நடுங்குது, அதுதான் வேணும். பதினாலு டேக். டைரக்டர் ஸ்கிரிப்ட்டைத் தூக்கி எறிஞ்சுட்டாரு. "எங்க வீட்டுக்காரி செத்தப்பவே மக முன்னாடி அழுகையை அடக்கிட்டேன் சார், அப்படியே பழகிப் போச்சு"ன்னாரு தணிகாசலம். டைரக்டர் என் பக்கம் திரும்பி, "கஜா, ஏதாவது பண்ணுங்க"ன்னாரு.

ஏதாவது பண்ணுங்க. இருபத்தாறு வருஷமா எல்லா டைரக்டரும் என்கிட்ட சொன்னது இதுதான்.

நான் என்ன பண்ணேன், ஆறு கேமராவையும் ஓட விடச் சொன்னேன். ஷூட்டிங் ஃப்ளோர் கதவை வெளியிலருந்து சாத்தச் சொன்னேன். அப்புறம் போனைக் காதுல வச்சுக்கிட்டு, பேசற மாதிரி பேசிட்டு, அவர்கிட்ட மெதுவா போனேன். தோள்ல கை வச்சேன். "தணிகா, மனசைத் திடப்படுத்திக்கோ. காலேஜ் பஸ்லருந்து இறங்கும்போது லாரி வந்துடுச்சாம். மோனிஷா..." அதுக்கு மேல சொல்லல. சொல்ல வேண்டிய அவசியமே வரல.

எந்திரிச்சுக் கதவுக்கு ஓடினாரு. கதவு சாத்தியிருக்கு. தட்டினாரு, இடிச்சாரு. எவனும் திறக்கல. திரும்பி வந்தவரு அந்தப் படிக்கட்டுல, செட்டுப் போட்டிருந்தோமே, அதுல விழுந்து உட்கார்ந்தாரு. அப்புறம் அழுதாரு பாருங்க. நாலு நிமிஷம் பத்து செகண்ட். மூக்கைச் சிந்தினாரு, தலையில அடிச்சுக்கிட்டாரு, "பாப்பா, பாப்பா"ன்னாரு. டைரக்டர் என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "கட் சொல்லாதீங்க, கட் சொல்லாதீங்க"ன்னு காதுல முணுமுணுத்தாரு. அவருக்கே கண் கலங்கிடுச்சு. எனக்கும்தான். நானும் மனுஷன்தானே.

கட் சொன்னதும் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். சும்மாய்யா, மக நல்லா இருக்கான்னேன். என் போன்லயே அவளுக்குப் போட்டுக் குடுத்தேன். அவ குரலைக் கேட்டதும் அந்த மனுஷன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டல. மூக்கைத் துடைச்சுட்டுக் கேட்டாரு, "ஒன் மோர் வேணுமா சார்?"

மொத்த யூனிட்டும் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. அந்தக் கைதட்டல் யாருக்கு? அவருக்குத்தானே? இருபத்திரண்டு வருஷத்துல எவன் அவருக்குக் கை தட்டினான்? நான் வாங்கிக் குடுத்தேன். மககிட்ட போன்ல, "பாப்பா, இன்னைக்கு அப்பா நடிச்சதுக்கு எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்க. இந்தப் படத்துல பாரு, மூஞ்சி நல்லாத் தெரியும்"ன்னு சொன்னாரு. அவ என்ன சொன்னான்னு எனக்குக் கேட்கல.

ஒன்றரை வருஷம் கழிச்சுப் படம் ரிலீஸ். போஸ்டர்ல பெருச்சாளி புடவையை மோந்து பார்க்கற மாதிரி போட்டிருந்தோம். நம்ம ஜனங்களுக்குக் கார்ட்டூன்னா குழந்தைங்க படம். அவ்ளோதான் தெரியும். ஏ சர்டிஃபிகேட்னு இத்தாம் பெரிய எழுத்துல போட்டும் அம்மாக்காரிங்க எல்லாம் புள்ளைங்களை இடுப்புல தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. கேட்ல நிறுத்தினா, "எலி படத்துக்கு என்னடா ஏ, பி?"ன்னு சண்டை. புள்ளைங்க தரையில புரண்டு அழுவுது. உள்ள போன பெரியவங்களோ, "எலி படத்துல என்ன இது கட்டில் சீனு?"ன்னு பாதியில எந்திரிச்சு வந்தாங்க. வரவேண்டியவன் பொம்மைப் படம்னு வரல, வந்தவனுக்கு அது பொம்மைப் படமா இல்ல. அப்படித்தான் சார் நாங்க நாசமாப் போனோம்.

முதல் நாள் பிரஸ் எல்லாம் வந்திருந்த தியேட்டருக்குத் தணிகாசலம் வேன் வச்சுக்கிட்டு வந்தாரு. லைன் வீட்டுக்காரங்க பதினெட்டுப் பேர். டிக்கெட் நான்தான் குடுத்தேன், ஓசியில. கேட்டாரு, பாவம்னு குடுத்தேன். வெளுத்த சட்டை, புது வேட்டி. மக பக்கத்துல. கூட வந்த சின்னப் பசங்களை மட்டும் கேட்டுல நிறுத்திட்டான், ஒரு அம்மா அதுங்களோட வெளியிலயே உட்கார்ந்துக்கிச்சு.

நான் அவங்களுக்குப் பின் வரிசையில போய் உட்கார்ந்தேன். ஏன்னா... சும்மாதான். ஒரு ஆர்வம். அவரு எப்படி எடுத்துக்கறாருன்னு பார்க்கலாமேன்னு.

பீரோ திறக்குது, பெருச்சாளி வருது. அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதே தோளோட பெருச்சாளி நடந்து வருது. தணிகாசலம் கை மெதுவா போய்த் தன்னோட இடது தோளைத் தொட்டுச்சு. நான் பார்த்தேன். அதுக்கப்புறம் அந்தக் கை கீழ இறங்கவே இல்ல. பெருச்சாளிக்குக் குரல்கூட வேற ஒரு காமெடி நடிகர்தான் குடுத்திருந்தாரு. மோனிஷா கேட்டா, "எப்பப்பா வருவே?" இவரு, "வரும், வரும்"னாரு. அரை மணி கழிச்சு இன்னொருத்தர், "தணிகாண்ணே, எங்க உங்களைக் காணோம்?" அதுக்கும், "வரும், வரும்." இண்டர்வெல்ல பாப்கார்ன் வாங்கறேன்னு போனவரு, மணி அடிச்சு லைட் அணையற வரைக்கும் கியூவுலயே நின்னாரு. ஆளுங்க கேட்பாங்க இல்லையா, அதான்.

அழற சீன் வந்துச்சு. தியேட்டரே சிரிச்சுது சார். அழணும்னு எடுத்த சீனு. பெருச்சாளி மூக்கைச் சிந்தச் சிந்த விசில். மோனிஷாதான் எல்லாரையும்விட அதிகமா சிரிச்சா. அவரு தொடையில அடிச்சு அடிச்சு, "அப்பா, பாருப்பா, மூக்கை எப்படிச் சிந்துது பாருப்பா!"ங்கிறா. அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பா அழுது அவ பார்த்ததே இல்லையே. அவரு திரும்பி அவளைப் பார்த்தாரு. அவளோட சேர்ந்து அவரும் சிரிச்சாரு. நிஜமா சிரிச்சாரு சார், நான் பின்னாடிதானே இருந்தேன்.

அதனாலதான் சொல்றேன், அவருக்கே பெரிய வருத்தம் ஒண்ணும் இல்லன்னு.

படம் முடிஞ்சுது. வெளியில பிரஸ்காரங்க டைரக்டரைச் சுத்தி நிக்கறாங்க. அவரு, "ஒவ்வொரு ஃபிரேமும் கற்பனையில வரைஞ்சது. ஒரு மனுஷனோட உதவிகூட இல்ல"ன்னு பேசிட்டிருக்காரு. அப்படித்தான் விளம்பரம் பண்ணியிருந்தோம். அந்த நேரம் பார்த்து தணிகாசலம் மகளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நேரா என்கிட்ட வந்தாரு. பின்னாடியே பதினேழு பேர். வந்து நின்னு, குரலைத் தாழ்த்தி, "கஜா சார், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பாப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அது நான்தான்னு"ன்னாரு.

ரெண்டு கேமரா என் பக்கம் திரும்புது. டைரக்டர் அங்கருந்து என்னையே பார்க்கறாரு. ஏதாவது பண்ணுங்கங்கிற பார்வை. நீங்களே சொல்லுங்க, என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?

நான் அந்தப் பொண்ணுகிட்ட மரியாதையாத்தான் பேசினேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதும்மா. உங்கப்பா செட்டுல உயரம் பார்க்க நின்னவரு. குச்சிக்குப் பதிலா நிக்க வைப்போம்ல, அது மாதிரி"ன்னேன். பின்னாடி எவனோ களுக்குன்னு சிரிச்சான். தணிகாசலம் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. மோனிஷா தன் கையை உருவிக்கிட்டு, "இருபது வருஷம்ப்பா. போதும்ப்பா. வா, போலாம்"னா. கோவமாகூடச் சொல்லல. சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னா.

அதோட அவரு சினிமாவை விட்டுட்டாரு. யூனியன் கார்டைத் திருப்பிக் குடுத்துட்டாராம். மகளுக்கு வேலை போளூர் பக்கம் கெடைச்சுது, கூடவே போயிட்டாரு. இப்ப ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன்.

இதுல உண்மையா அடிபட்டவன் யாரு? நான் சார்! படம் ஊத்திக்கிச்சு, டைரக்டர் பாம்பே போயிட்டாரு, எனக்கு மூணு வருஷமா வேலை இல்ல. கோடம்பாக்கத்துல டீக்கடையில நின்னா எவனும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கறான். என் கஷ்டத்தை எவனாவது கேட்டானா?

இப்பதான் நல்ல காலம் பொறந்திருக்கு. இந்த ஸ்டிக்கர் ஊர் பூரா பரவிடுச்சு இல்லையா, ஒரு பெரிய கம்பெனிக்காரன் பெருச்சாளியை வச்சு சீரிஸ் பண்றேன்னு வந்திருக்கான், பெரியவங்களுக்கு. புதுசா ஆள் வச்சு அழ வச்சுப் பார்த்தானுங்க, அந்த அழுகை வரல. அதனால பழைய பதிவு இருக்கே, நாற்பத்தி மூணு நாள் பதிவு, அதையே வச்சு எத்தனை வருஷம் வேணும்னாலும் கம்ப்யூட்டர்லயே ஓட்டிக்கலாம், ஆளே தேவையில்லைங்கறான். என்னை டைரக்டரா போடறேன்னுட்டான். ஆமா சார், டைரக்டர். 'இயக்கம்: கஜேந்திரன்'. ஒரே ஒரு சிக்கல். தணிகாசலம்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கான்னு வக்கீல் கேட்டான். கூட்டத்துல நிக்கறவன்கிட்ட எவன் சார் கையெழுத்து வாங்குவான்? ஏஜென்ட்டுக்கு ஒரு போன், காலையில வேன்ல வந்து இறங்குவாங்க, சாயங்காலம் ஏறிப் போவாங்க. பேப்பர் எல்லாம் கிடையாது. அது எங்க வழக்கம்.

போன வாரம் போன் போட்டேன். எடுக்க மாட்டாருன்னு நினைச்சேன். முதல் ரிங்லயே எடுத்துட்டாரு. "நல்லா இருக்கீங்களா கஜா சார்? உடம்பெல்லாம் எப்படி?"ன்னு கேட்டாரு. பேரனுக்கு ரெண்டு வயசாம். பெருச்சாளி அழறதைப் போன்ல காட்டினாத்தான் சோறு இறங்குதாம். மகதான் அதே மாதிரி மூக்கைச் சிந்தி அழுது காட்டுவாளாம், "தாத்தா, நீயும் இந்த மாதிரி அழுது காட்டு"ன்னு பேரன் கேட்கறானாம். எவ்வளவு பெருமை பாருங்க ஒரு கலைஞனுக்கு!

விஷயத்தைச் சொன்னேன். அவரு சொன்னாரு, "போட்டுடறேன் சார். எனக்கு ஒரு பைசா வேணாம். நீங்க நேர்ல வரணும். அன்னைக்குச் சொன்னீங்களே, அதை மாத்தி, என் முன்னாடியே பாப்பாகிட்ட சொல்லணும். அது நான்தான்னு. அவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டே கையெழுத்துப் போடறேன்." நான் உடனே சொன்னேன், "இதுக்கென்னய்யா, தாராளமா சொல்றேன்." எந்த பஸ்ஸுல வர்றீங்க, எத்தனை மணிக்குன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாரு.

இதோ பையில இருக்கு பேப்பர். நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இந்த ஏழாவது ஷரத்தைப் பாருங்க. 'மேற்படி உருவத்துக்கும் தனக்கும் ஏதேனும் தொடர்பு உண்டு என்று கையொப்பமிட்டவர் எக்காலத்திலும் எவரிடமும் சொல்லவோ, பிறரைக் கொண்டு சொல்ல வைக்கவோ கூடாது.' சொல்ல வைக்கவோ கூடாது. வக்கீல் மூளைக்காரன்.

அதான் சார் நான் யோசிச்சு வச்சிருக்கேன். முதல்ல கையெழுத்து. போட்ட கையோட, "தணிகா, நான் சொல்ல ரெடிய்யா, ஆனா இப்ப நீயே கையெழுத்துப் போட்டுட்டியே, சொன்னா உனக்குத்தான் கேஸு"ன்னு எடுத்துச் சொல்லிடுவேன். புரிஞ்சுக்குவாரு. எதைச் சொன்னாலும் புரிஞ்சுக்கற மனுஷன். அந்தப் பொண்ணும் இவ்வளவு நாள் தெரியாமயே நல்லாத்தானே இருக்கா, இனிமே தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

நீங்க ஏன் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்றீங்க? இடம் போதுமே.

போளூர் வந்துடுச்சு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க, பையை எடுத்துக்கறேன். அட, அங்க பாருங்க சார்! பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்கறாரு. அந்தக் குள்ளமா, வெள்ளை வேட்டி. பக்கத்துல நர்ஸ் டிரெஸ்ஸோட நிக்கறது மோனிஷாதான், டூட்டியிலருந்து நேரா கூட்டிட்டு வந்திருக்காரு போல. ஒவ்வொரு ஜன்னலா பார்க்கறாரு, என்னைத் தேடறாரு. இதோ இருக்கேன்யா, இறங்கறேன்!

சார், உங்க சட்டைப் பையில இருக்கற பேனாவைக் குடுங்க. என்னுது எழுத மாட்டேங்குது. பஸ் இங்க ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், திருப்பித் தர முடியாது, பரவாயில்லைதானே?

ஏன் சார் கையை வச்சு மூடறீங்க? ஒரு பேனாதானே கேட்டேன்.

சரி, விடுங்க. அவர்கிட்டயே இருக்கும். கேட்டா குடுத்துடுவாரு.